முன்வாசல் படிகள்

நோட்டின் முன்பக்கம் பொய்.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
பச்சை மசியில் ஒரு கோட்டைக் கதவு, இரண்டு வேட்டை நாய்கள்,
கீழே வளைந்து வளைந்து ஒரு கையெழுத்து:
டிக்கரி ட்ரெவாஸ், பென்வாரோவின் பிரபு.
‘என் சொத்து என் கைக்கு வந்த முப்பதாம் நாள்
இதைக் கொண்டுவருபவருக்கு
இருபது பவுண்டு தருவேன்.’

1868. கார்ன்வாலின் தகரச் சுரங்கங்கள்
ஒவ்வொன்றாக வாய் மூடிக்கொண்ட குளிர்காலம்.
கடலோடு போய்ப் பதினான்கு வருடமான பிள்ளை
வால்பரைசோ கப்பலில் வந்து இறங்கினான்,
போனபோது இருந்ததைவிட
இரண்டு அங்குலம் உயரமாக.
உப்புக்காற்று ஆளை நீட்டும் என்றார் பாதிரியார்.
யாரும் சிரிக்கவில்லை.

வழக்குக்குக் காசு வேண்டும். நோட்டு அடித்தான்.
இருபது பவுண்டு நோட்டு, இரண்டே பவுண்டு.
வேலை போனவர்கள் வாங்கினார்கள்.
மத்தி பிடிக்கும் படகில் தன் பாதிப் பங்கை விற்று
ஒருவன் மூன்று வாங்கினான்.

லவ்டே ஸ்பார்கோ வாங்கவில்லை.
அவளுக்கு அது கூலி. ஒன்பது நோட்டு.
அப்போது துணி வெளுப்பவள்; அதற்கு முன்
இருபது வருடம் பென்வாரோ மாளிகையில்
பிள்ளைகளின் அறையைப் பெருக்கியவள்.
எட்டு இரவு, வெள்ளாவி அடுப்பின் பக்கம்
அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள்:
மட்டக்குதிரையின் பெயர் பார்ஸ்னிப்.
அம்மாவுக்குக் கோபம் வந்தால்
பிரெஞ்சில் பத்து வரை எண்ணுவாள்.
சுவர்க்காகிதத்தில் ஒரு கொக்கு உண்டு,
காய்ச்சலில் கிடந்தபோது
அதன் தலையைக் கிழித்துவிட்டாய்.
மறந்து விழித்தபோதெல்லாம்
ஈரச் சட்டையால் முழங்காலில் ஒரு போடு.

நீதிமன்றத்தில் கொக்கைச் சொன்னான்.
ஜூரியில் ஒருவர் மூக்கைச் சிந்தினார்.
மாடத்தில் நின்ற ஒரு சலவைக்காரி
தேம்பித் தேம்பி அழுதாள் என்கிறது பத்திரிகை.

இந்த வரியைத்தான் என்னால் தாண்டமுடியவில்லை.
கொக்கைக் கொடுத்தவளே அவள்தானே.

அந்தச் சனிக்கிழமை
ரொட்டிக்கடை பெட்ராக் நான்ஸ்
அவளுடைய ஒரு நோட்டுக்கு
நான்கு ரொட்டியும் ஒரு குங்குமப்பூ பன்னும் கொடுத்தார்.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
ஒரே ஒரு சனிக்கிழமை உதவியது.

திங்களன்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
உங்கள் வீட்டு முன்வாசலில் எத்தனை படி?

அவனுக்குத் தெரியவில்லை.
மாடத்தை நிமிர்ந்து பார்த்தான்.
லவ்டேவுக்கும் தெரியாது.
இருபது வருடமும் அவள்
பின்வாசல் வழியாகத்தான் போய்வந்தாள்.

அவனுக்குப் பதினோரு வருடம் சிறை.
அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ட்ரூரோவில், என் மேசை விளக்கின் கீழே
இப்போது கிடக்கிறது அந்த ஒன்பதில் ஒன்று.
பழைய காகிதத்தைச் செப்பனிடுவது என் பிழைப்பு.
மேல் ஓரத்தில் பதினேழு குண்டூசித் துளைகள்,
துளையைச் சுற்றித் துரு;
ரவிக்கைக்குள் குத்தி, எடுத்துப் பார்த்து,
மறுபடி குத்தி வைத்திருக்கிறாள்.
எத்தனை வருடம் என்று துரு சொல்லாது.
பின்பக்கம் பென்சிலில்:
சட்டை 2. காலர் 6. மேசைவிரிப்பு 1.
பாக்கி மூன்று பென்ஸ்.

போன மாதம் ஏலத்தில்
நானூற்றுப் பத்து பவுண்டுக்குப் போயிற்று.
இந்த நோட்டுக்கே இப்போது போலிகள் வருகின்றன;
இது அசல் என்று நான்தான்
சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன்.
எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது.

வாங்கியவரின் கடிதம் சுருக்கமானது:
துருவை எடுங்கள்.
பின்பக்கக் கிறுக்கலையும் அழித்துவிடுங்கள்,
முன்பக்கத்தின் அழகைக் கெடுக்கிறது.

துருவை எடுத்தேன்.
பென்சில் எழுத்து போகாது என்று பதில் போட்டேன்.

போகும்.
ஒரு துண்டு ரொட்டியால் தேய்த்தாலே போகும்.